பாதிக் கல்லைத் தாண்டிய வெர்ன் ஹாஸ்கெல்

அமெரிக்காவின் ஐடஹோ மலைக்குள் எவனுடைய விமானம் எந்தப் புதரில் விழுந்தாலும் வெர்ன் ஹாஸ்கெலுக்கு ஒரு வாரம் வாய் ஓயாது. வயது அறுபத்தேழு, மரம் அறுக்கும் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்று வைத்திருந்தார். முப்பது வருடத்தில் அதில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். விழுந்தவன் ஆஸ்பத்திரியில் இருந்தால் அங்கேயே போய், கட்டுப்போட்ட காலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் எங்கே கோட்டை விட்டான் என்று விளக்குவார்.

அவருடைய வேதம் இரண்டே வரி. வெயில் ஏறினால் மலைக்காற்று லேசாகிவிடும், விமானத்தைத் தூக்காது. அதனால் காலை பத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். ஓடுதளத்தின் பாதியில் வெள்ளையடித்த கல் ஒன்று கிடக்கும். அதைத் தாண்டும்போது, மேலே எழும்பத் தேவையான வேகத்தில் முக்கால் பங்காவது வரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

மனைவி லொரெய்ன் அந்த இரண்டாவது வரியை நம்பித்தான் விமானத்தில் ஏறுவாள். அவளுடைய தம்பி ஓடுதள முனையில் விமானத்தோடு பைன் மரத்தில் மோதிச் செத்தவன். "கல்லுகிட்ட வேகம் பத்தலைன்னா ஜனாதிபதியே ஏறியிருந்தாலும் நிறுத்திடுவேன்" என்று முதல் தடவை ஏற்றும்போதே வெர்ன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை இருவரும் விமானத்தில் வந்து, ஆற்றங்கரை ஓடுதளத்தை ஒட்டிய திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பழக்கம் உண்டு. கிளம்பாதவர்கள் எல்லாரும் காபியோடு ஓடுதள ஓரத்தில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, கிளம்புகிறவர்களுக்கு அட்டையில் மதிப்பெண் எழுதிக் காட்டுவார்கள். வெர்ன் பான்கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக விமானம் வாங்கிய டானர் என்பவனைப் பிடித்துக்கொண்டார்.

"பத்துக்கு மேல கெளம்புறவன் சவப்பெட்டிக்கு அளவு குடுத்துட்டுக் கெளம்பணும், தெரியுதா?"

காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டிய அவசியத்தைப் பற்றி அவர் பேசி முடித்தபோது மணி பதினொன்றே முக்கால்.

"வெர்ன், வெயில் கொளுத்துது. சாயங்காலம் போகலாம்" என்றாள் லொரெய்ன்.

டானர் பணிவாகத்தான் கேட்டான். "அப்போ நீங்க எப்போ கெளம்புறீங்க, பெரியவரே?"

நாற்காலிகளில் ஒரு சிரிப்பு ஓடியது. சாயங்காலம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வெர்னுக்குச் சுருக்கென்றது.

"என் விமானத்தைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார். அவர் பார்க்கப்போன ஆஸ்பத்திரிக் கட்டில்களில் கிடந்த அத்தனை பேரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். லொரெய்னிடம் குரலைத் தாழ்த்தினார். "கல்லு இருக்குல்ல? பத்தலைன்னா நிறுத்திடறேன்."

அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

விமானம் ஓடியது. கல் வந்தது. வேகமுள் தேவையான வேகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. வெர்ன் பக்கவாட்டில் பார்த்தார். எட்டு நாற்காலிகள், எட்டு முகங்கள், டானர் கையில் அட்டையும் பேனாவும். இப்போது நிறுத்தினால் அத்தனை பேருக்கும் முன்னால் உருட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டும். எஞ்சினைக் குறைக்க வேண்டிய கை அசையவில்லை. கல் பின்னால் போய்விட்டது.

விமானம் இரண்டடி எழும்பியது, தொப்பென்று இறங்கியது, புதர்களைக் கிழித்துக்கொண்டு ஓடையில் மூக்கைக் குத்தி நின்றது.

நாற்காலிக்காரர்கள் ஓடிவந்தபோது வெர்ன் முழங்கால் தண்ணீரில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். "கடைசி நேரத்துல மேலேர்ந்து ஒரு காத்து அமுக்கிருச்சு. யாரா இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

டானர் மரியாதையாகத் தலையாட்டினான்.

லொரெய்ன் கரையில் உட்கார்ந்திருந்தாள். "காத்து ஒண்ணும் அடிக்கல" என்றாள். "கல்லுகிட்டயே வேகம் பத்தல. இவரும் பார்த்தாரு, நானும் பார்த்தேன். அப்புறம் இவரு உங்களைப் பார்த்தாரு."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நான் உன் கையையே பார்த்துக்கிட்டிருந்தேன், வெர்ன்."

வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெர்னுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அவளுடைய மணிக்கட்டு வீங்கியிருப்பதை அப்போதுதான் பார்த்தார்.