அவர் தலைமை தாங்கிய கல்யாணம்

அண்ணனின் கல்யாணத்தில் அப்பா எம்.எல்.ஏ.வின் பேச்சைக் கேட்கவில்லை, எடை போட்டுக்கொண்டிருந்தார். காரணம் இருந்தது. நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தை அப்பா பெயருக்கே வாங்கித் தருவதாக அதே மனிதர் தேர்தலுக்குத் தேர்தல் மைக்கில் முழங்கியிருந்தார். எங்களுக்குக் கிடைத்தது மிராசுதார் போட்ட வழக்கு மட்டும்தான்.

அண்ணி இலங்கையிலிருந்து படகில் வந்தவள். தன் அம்மாவோடு அகதி முகாமில் இருந்தாள். அங்கே ரேஷன் அரிசி லாரி ஓட்டிப் போன அண்ணன் கண்ணில் பட்டுவிட்டாள். எங்கள் வீடுகளில் புரோகிதர் கிடையாது. கட்சிக்காரர் ஒருவர் தலைமை தாங்கித் தாலியை எடுத்துக் கொடுத்தால் அதுதான் முகூர்த்தம்.

"இந்தப் பொண்ணு இனிமே எங்க வீட்டுப் பொண்ணு. இவளையும் இவ ஜனங்களையும் விருப்பமில்லாம எவனும் கப்பல் ஏத்த முடியாது. சட்டமன்றத்துல நான் பேசுவேன்!" என்றார் எம்.எல்.ஏ. பந்தலே அதிரக் கைதட்டினார்கள்.

அப்பா என் பக்கம் குனிந்தார். "மைக்கை அணைச்சிட்டு இதையே சொல்லச் சொல்லு, நம்புறேன்."

எனக்கும் அதே எண்ணம்தான். எம்.எல்.ஏ. மறுபடி கேட்ட பாயசத்தைக்கூட வேண்டாவெறுப்பாகத்தான் ஊற்றினேன்.

குறுவை அறுப்பு முடிந்த சமயம் போலீஸ் வந்தது. முகாம்காரர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம், அண்ணியும் கிளம்ப வேண்டுமாம். கல்யாணமானதெல்லாம் செல்லாதாம். அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாபநாசத்தில் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் பறந்தான்.

"வருவாரு, அடுத்த எலெக்சனுக்கு" என்றார் அப்பா.

பொழுது சாய்வதற்குள் கார் வந்து நின்றது. மனுஷர் கட்டிய கைலியோடு இறங்கினார்.

"நான் தலைமை தாங்குன கல்யாணம்யா இது! இந்தப் பொண்ண நீங்க கப்பல் ஏத்திட்டா, நாளைக்கு எவன் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?" என்று வாசலில் காத்திருந்த போலீஸ்காரரிடம் கத்தினார்.

இதுதானா விஷயம் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எந்தக் காரணமாக இருந்தால் என்ன, வந்தாரே!

மறுநாள் அண்ணன், அண்ணி இருவரையும் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். காரியம் முடியும்வரை அசையவில்லையாம். சாயங்காலம் எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, "இனிமே இவ இங்கதான், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அப்போதும் அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை.

அண்ணி தண்ணீர்ச் சொம்பை அவரிடம் நீட்டினாள்.

"ஐயா, முகாமில அம்மா இருக்கிறா. இன்னும் எத்தினையோ சனம் இருக்கு. அவையளின்ர கலியாணத்துக்கு நீங்கள் தலைமை தாங்கேல்லையே. அவையளுக்காக ஆர் கதைப்பினம்?"

சொம்பை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். சுற்றிலும் நாங்கள் நாலு பேர்தான். மைக் இல்லை, மாலை இல்லை, கைதட்ட ஆளில்லை.

"பேசுறேம்மா" என்றார், எங்களுக்கே சரியாகக் கேட்காத குரலில்.

அப்பா எழுந்து உள்ளே போய், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் தூக்கி வந்து அவருக்குப் போட்டார்.