தீவுக்கு ஒரு டிக்கெட்

மற்ற கடைகளில் வாடிக்கையாளர் கேள்வியோடு வந்து சாமானோடு போவார். விமான டிக்கெட் விற்கும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய், இன்னும் பத்துக் கேள்வியோடு திரும்பி வருவார். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்த முகமாக வயிறு வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லாமலே அவர்களுக்குப் புரியும்.

எழுபதுகளின் நடுவில் பாண்டி பஜாரில் ஒரு சின்ன டிராவல் ஆபீசில் எனக்கு வேலை. மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் வருவேன். மானேஜர் சபேசன், நான், பிலோமினா என்று மூன்றே பேர். திடீரென்று ஒரு கம்பெனி, இலங்கைக்குச் சலுகைக் கட்டணத்தில் குட்டி விமானம் விட ஆரம்பித்தது. செவ்வாயும் சனியும் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும். நாலு நாள் கடற்கரை உல்லாசம். ரயிலில் முதல் வகுப்பில் போனதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

பலகையில் ஒரு பெண்

விளம்பரத்துக்காகக் கம்பெனி ஒரு பலகை அனுப்பியிருந்தது. தென்னை மரம், நீலக் கடல், நீச்சல் உடையில் ஒரு பெண். அதை வாசலில் வைத்த அன்றே மயிலாப்பூரிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே, இந்தத் தெருவில் குடும்பப் பெண்கள் நடமாடுவது எங்களுக்குத் தெரியுமா என்று மானேஜரைக் கேட்டார். சபேசன் சார் பயந்த சுபாவம். சினிமா பேனர் எழுதும் ஓவியரை வரவழைத்து, அந்தப் பெண்ணுக்கு உடனே ஒரு புடவை கட்டச் சொல்லிவிட்டார்.

ஓவியர் மனசு வைத்து எழுதினார். அரக்குச் சிவப்பு, ஒரு சாண் ஜரிகை, கிளிப்பச்சை ரவிக்கை. கல்யாணக் களையோடு அந்தப் பெண் முழங்கால் அளவு அலையில் நின்றாள். மறுநாள் டிக்கெட் விசாரிக்க வந்த ஒரு அம்மா, பலகையை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "கடல்ல இறங்கறதுக்கு யாராவது பட்டுப்புடவை கட்டுவாங்களா? உப்புத் தண்ணி பட்டா ஜரிகை என்னத்துக்கு ஆகும்? மெல்லிசான வாயில் புடவையா மாத்தி எழுதச் சொல்லுங்க."

தராசு

குட்டி விமானம் என்பதால் பெட்டியோடு ஆளையும் நிறுப்பார்கள். விமானம் கிளம்பும் நாட்களில் நானும் மீனம்பாக்கம் போய், தராசு முள் காட்டுவதை நோட்டில் எழுதித் தர வேண்டும். ஆண்கள் சிரித்துக்கொண்டே ஏறி நின்றுவிடுவார்கள். தி. நகர் பாத்திரக்கடை அண்ணாச்சியின் மனைவி மட்டும் தராசைப் பார்த்ததும் நகர மாட்டேன் என்றுவிட்டார். பத்து நிமிஷம் கெஞ்சிய பிறகு, வரிசையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினால் ஏறுகிறேன் என்றார். திரும்பினார்கள்.

ஏறியவர், முள்ளைப் பார்த்ததும் இறங்கினார். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அண்ணாச்சி கையில் கொடுத்தார். பிறகு இரட்டை வடச் சங்கிலி, ஒட்டியாணம், கைப்பை, கடைசியில் செருப்பு. மறுபடி ஏறி நின்று, எழுதிக்கோ என்பது போல என்னைப் பார்த்தார். அடுத்து அண்ணாச்சி அத்தனையையும் அணைத்துக்கொண்டு ஏறினார். "ஏம்மா, எல்லாம் அதே பிளேன்லதானே போகுது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவே இல்லை. "பிளேனுக்கு எல்லாம் ஒண்ணுதான் தாயி. உன் நோட்டுல எம் பேருக்கு நேரா என்ன இருக்குங்கதுதான் எனக்கு முக்கியம்."

தண்ணீரும் பெப்பர்மின்ட்டும்

கட்டணம் குறைவு என்பதால் விமானத்தில் சாப்பாடு கிடையாது. தண்ணீரும் ஒரு பெப்பர்மின்ட்டும் தருவார்கள். இதைச் சொன்னதும் மயிலாப்பூர் கல்யாணி மாமி அதிர்ந்து போனார். "ஆத்துக்கு வந்தவாளுக்கு ஒரு வாய் காபியாவது குடுக்காம அனுப்புவோமோ? நீங்க ஆகாசத்துல கூட்டிண்டு போய்ப் பட்டினி போடறேளே!" என்றார். பயண நாளன்று ஐந்தடுக்குத் தூக்கு ஒன்றோடு மீனம்பாக்கம் வந்து சேர்ந்தார். எடை கூடிவிட்டது. மாமி கொஞ்சமும் யோசிக்காமல் பெட்டியைத் திறந்து, மாமாவின் இரண்டு வேஷ்டிகளையும் ஒரு கம்பளியையும் எடுத்து, வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுத்துவிட்டார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தூக்கைப் பார்த்தார்.

மீதியை விமானப் பணிப்பெண் வந்து சொன்னாள். விமானம் மேலே போய் நேரானதும் மாமி எழுந்து, நறுக்கிக் கொண்டுவந்த வாழையிலைத் துண்டுகளில் ஆளுக்கு ஒரு பிடி புளியோதரையும் தயிர்சாதமும் வைத்து, வரிசை வரிசையாகப் பரிமாறியிருக்கிறார். விமானிக்கும் போயிருக்கிறது. அவர் இரண்டாம் தரம் கேட்டாராம். இந்தச் செய்தி எப்படித்தான் ஊருக்குள் பரவியதோ, அடுத்த வாரம் அடையாறிலிருந்து வந்த ஒருவர் விலை கேட்கவில்லை, நேரம் கேட்கவில்லை. "அந்த மாமி அடுத்தாப்ல எந்த பிளேன்ல போறாங்கன்னு பாருங்க. அதுலயே எனக்கும் ஒண்ணு போட்டுடுங்க."

நான் எழுதிய தேதி

சிரிப்பு வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புதன்கிழமை காலை ஆபீஸ் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மீனம்பாக்கம் போய்த் திரும்பிய ஒரு இளம் தம்பதி புதுப் பெட்டியோடு இறங்கினார்கள். சேகர், மல்லிகா. பத்து நாள் முன்பு நான்தான் டிக்கெட் எழுதிக் கொடுத்திருந்தேன். மல்லிகாவின் தலைப்பூ இன்னும் வாடவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. சேகர் டிக்கெட்டை நீட்டினார். செவ்வாய்க்கிழமைத் தேதி எழுத வேண்டிய இடத்தில் புதன்கிழமைத் தேதி. என் கையெழுத்து. விமானம் நேற்றே போய்விட்டது. அடுத்தது சனிக்கிழமை. அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாதுங்க" என்றார் மெதுவாக. கே.கே. நகரில் இரண்டு ரூம் வீடு, ஒன்பது பேர். கல்யாணமாகி இரண்டு மாசத்தில் தனியாகப் பேசிக்கொள்ள வாய்த்ததே மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான். இந்த நாலு நாளுக்காகவே காத்திருந்தார்கள். காலையில் தெருவே திரண்டு வழியனுப்பியிருக்கிறது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட அப்புறம்தான் வந்தது.

வாடகைக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, கடல்தானே பாக்கணும்? திருவான்மியூராண்ட கூடத்தான் கடல் கீது. அதுக்கு இன்னாத்துக்கு இந்தப் பொண்ணை அழவுடறே?" என்றார். பிலோமினா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். அவள் சித்தப்பாவுக்குத் திருவான்மியூரில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு வீடு உண்டு, பூட்டியே கிடந்தது. அரை மணியில் சாவி வந்தது. அதே ஆட்டோவில் அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு, சபேசன் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர், தப்பு நம்முடையது என்று கம்பெனிக்கு எழுதி, அவர்கள் அந்த டிக்கெட்டில் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அனுமதி வாங்கித் தந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடற்கரை வெயிலில் முகம் கறுத்து, பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டுச் சோப்பும் சாக்லெட்டுமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருமகளுக்குச் சிலோன் காற்று ஒத்துக்கொண்டது என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்தாராம். மறு வருஷம் அந்த டிக்கெட்டில் நிஜமாகவே போய்விட்டு வந்தார்கள். எப்படி இருந்தது என்று ஆசையோடு கேட்டேன். மல்லிகா சேகரைப் பார்த்தாள். சேகர் சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா திருவான்மியூர் மாதிரி வராது."

காலி சீட்

விற்காத சீட்டில் ஆபீஸ் ஆட்கள் போய் வரலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதை நம்பி நான் பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை ஒரு சீட் நிஜமாகவே காலி. தராசில் ஏறி நின்று, என் எடையை நானே நோட்டில் எழுதினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாயிற்று. அப்போது கீழே ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மகளுக்குக் கொழும்பில் தலைப்பிரசவம், காலையில்தான் தந்தி வந்ததாம். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. நானே பெல்ட்டைக் கழற்றினேன். படிக்கட்டில் எதிரே வந்தபோது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்மா. உனக்கென்ன, இங்கேயே வேலை பார்க்கறே, நினைச்சா போயிட்டு வந்துடுவே!"

நான் ஒரு தடவைகூடப் போய் வராமலே மூன்று வருஷத்தில் கம்பெனி அந்த விமானத்தை நிறுத்திவிட்டது, எனக்கும் ஒரு பேங்கில் கௌரவமான வேலை கிடைத்தது. அங்கே வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரிப்பதில்லை என்பதைத் தவிர வேறு எந்தக் குறையும் இல்லை.