44.1-இல் பாடும் பையன்

இன்று புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் பாட்டைப் பாடித் தந்த செல்வியிடம் இயர்போனைக் கொடுத்தேன்.

கேட்டவள் முகம் சுருங்கியது. "இன்னா இது, எங்க அண்ணன் பாடிக்கினு கீற மாதிரி கீது?"

தவறு என்னுடையதுதான். அவள் போனில் 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பதிவு செய்து அனுப்பியதை, என் ஆப்பில் 44.1 வேகம் என்று வைத்துத் திறந்திருக்கிறேன். பாட்டு மெதுவாகி, குரலும் கட்டையாகிவிட்டது.

48-க்கு மாற்றினேன். செல்வியின் குரல் திரும்பி வந்தது.

கட்டைக் குரல் பதிவை மட்டும் என்னிடம் வாங்கி, விளையாட்டாகத் தன் அப்பாவுக்கு, அவள் நைனாவுக்கு, அனுப்பினாள். ரேணிகுண்டா வருவதற்குள் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"யாரும்மா அந்தப் பையன்? நல்லா பாடறான். உனுக்கும் கொஞ்சம் கத்துக் குடுக்கச் சொல்லு."

பாட்டை வெளியிடும்போது பாடியவர் என்று யார் பெயரைப் போடட்டும்? செல்வியைக் கேட்க முடியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.