விண்வெளியில் லா

தினமும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் டிவி நிலையத்தின் நேயர் தொலைபேசி திறக்கும். அதை எடுப்பவள் நான். வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டியதும் முதல் ஆள் திட்ட ஆரம்பித்துவிடுவார். திட்டு வாங்குவதுதான் வேலை. அதில் எனக்கு வெட்கமில்லை. இதற்கு முன்னால் பல வருடம் லிஃப்ட் பழுதுக்கான தொலைபேசியில் இருந்தேன். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் திட்டும் திட்டைக் கேட்டவளுக்கு டிவி பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்கள் ஒன்றுமே இல்லை.

தொடரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சின்ன வயதில் ஒரு விண்வெளித் தொடர் வந்தது. அட்டைப் பெட்டியில் செய்த கப்பல், அலுமினியத் தாள் ஒட்டிய தலைக்கவசம். அதைத்தான் இப்போது புதிதாக எடுத்து வியாழக்கிழமைதோறும் அரை மணி நேரம் போட்டார்கள். பழையதில் கேப்டன் ஓர் ஆண். ஆபத்து வந்தால், “தோழர்களே, ஆயத்தமாகுங்கள். பேராபத்து நம்மை நெருங்குகிறது” என்பார். புதியதில் கேப்டன் ஒரு பெண். என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவா சூ காங் அடுக்குமாடிகளில் வளர்ந்தவள் என்று கதையிலேயே வரும். முதல் பகுதியிலேயே கப்பலில் ஓட்டை விழுந்து காற்று போகிறது. எங்கள் தீவில் வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் லாவோடு அவள் சொல்கிறாள்: “ஏய், கதவ சாத்து லா. காத்து போவுது.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. பழைய தொடர் வந்த காலத்தில் நாங்கள் பிள்ளைகள் அடுக்குமாடி ப்ளோக்குக்குக் கீழே விண்வெளி விளையாட்டு விளையாடுவோம். தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிற என் அண்ணன்தான் எப்போதும் கேப்டன். ஒருநாள் அவன் கூப்பிட்டபோது நான், “வந்துட்டேன் லா” என்றேன். விளையாட்டை நிறுத்திவிட்டான். “விண்வெளியில அப்படிப் பேச மாட்டாங்க. நீ வேற்றுக்கிரகத்து ஆளா இரு” என்றான். அந்தப் பள்ளி விடுமுறை முழுவதும் நான் வேற்றுக்கிரகத்து ஆள். எல்லாரும் என்னைச் சுட்டார்கள். நானும் அதை ஒப்புக்கொண்டேன். நம்மைப் போலப் பேசுகிறவர்கள் மேலே போக மாட்டார்கள், நன்றாகப் பேசுகிறவர்கள்தான் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்பது வயது தாண்டித்தான் அது பொய் என்று டிவி எனக்குச் சொன்னது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு முதல் அழைப்பு. ஒரு டாக்சிக்காரர்.

“அக்கா, நேத்துப் பாத்தேன். விண்வெளிக்குப் போயும் லாவா? அசிங்கமா இருக்கு லா.”

கணினியில் ஒரு படிவம் இருக்கும். ஒலி, ஒளி, மொழி, உள்ளடக்கம் என்று நாலு கட்டம். எந்தப் புகாரோ அந்தக் கட்டத்தைத் தட்டி, கீழே அதன் சுருக்கத்தை நல்ல தமிழில் எழுத வேண்டும். பாராட்டுக்குக் கட்டம் கிடையாது. நாங்களும் வேலையில் இருக்கும்போது நல்ல தமிழில்தான் பேச வேண்டும். நான் மொழிக் கட்டத்தைத் தட்டி, “விண்வெளி வீரர்கள் கொச்சைத் தமிழில் உரையாடுவது முகம் சுளிக்க வைக்கிறது” என்று எழுதினேன்.

அப்படியே நாலு வாரம் போனது. அழைத்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். வாராவாரம் தவறாமல் அழைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை. அவர் பேச்சில் ஒரு பிழை இருக்காது. “வணக்கம். நேற்றைய பகுதி குறித்து என் வருத்தத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன்” என்றுதான் ஆரம்பிப்பார். அவர் சொல்வதைச் சுருக்கவே தேவையில்லை, அப்படியே தட்டிக்கொள்ளலாம்.

அஞ்சாவது வாரம், மேலாளர் என் மேசைக்கு வந்தாள். படித்த பெண், என் மகள் வயது, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“மொழிக் கட்டம் ரொம்பிப் போச்சு அக்கா. மிச்ச எபிசோட் எல்லாத்தையும் நல்ல தமிழ்ல டப் பண்ணலாம்னு தயாரிப்பாளருங்க பேசிக்கிறாங்க. அடுத்த ரிப்போர்ட்டும் இப்படியே இருந்துச்சுனா கன்ஃபர்ம்.”

“அந்தப் பொண்ணு குரல எடுத்துடுவாங்களா?”

“வேற ஆள் பேசுவாங்க.”

அவள் போனதும் பழைய அறிக்கைகளைத் திறந்து படித்தேன். அதைப் படித்தால், இந்தத் தீவில் இருக்கும் தமிழர் எல்லாரும் பண்டிதர்கள், ஒருவர் வாயிலும் லா வராது என்று தோன்றும். டாக்சிக்காரர் அப்படிப் பேசவில்லை. அவர் லாவைத் திட்டியதே லா போட்டுத்தான். அதை எடுத்துவிட்டு, சட்டை மாட்டி, தலை சீவி அனுப்பியவள் நான். அந்தப் பெண்ணின் குரலைப் பிடுங்குவதற்கு நானே நாலு வாரமாக ஆதாரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். அடுத்த மேசையில் நாலு பேர். கடல் தாண்டி, ஊரிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர்கள். ஒருவன் கைப்பேசியை டம்ளர் மேல் சாய்த்து வைத்திருந்தான். அந்தத் தொடர்தான் ஓடியது.

“டேய், இந்தம்மா எங்க சூப்பர்வைசர் மாதிரியே திட்டுது.”

“உங்க சூப்பர்வைசருக்கு விண்வெளிக்கு லைசென்ஸ் இருக்கா?”

“க்ரேன் லைசென்ஸே இல்ல, அது வேற விஷயம்.”

நான் நாற்காலியைத் திருப்பினேன். “தம்பி, பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்குக்கா. பழசும் யூடியூப்ல பாத்தேன். அதுல யாரு பேசறதும் புரியல, மேடைப் பேச்சு மாதிரி. இது எங்க யார்டு மாதிரி இருக்கு.”

“அப்ப போன் பண்ணிச் சொல்லுங்க.”

அவன் முகம் மாறிவிட்டது. “வேலை பெர்மிட் நம்பர் கேப்பாங்களாக்கா?”

“எடுக்கறது நான்தான். நான் உன் பேர்கூடக் கேக்க மாட்டேன்.”

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அழைத்தான். பின்னால் சுத்தியல் சத்தம். “அக்கா, சூப்பரா இருக்கு. ஆனா அரை மணி நேரந்தான் போடறாங்க, பத்தல.” பாராட்டுக்குக் கட்டம் இல்லை. பத்தவில்லை என்பது புகார். உள்ளடக்கத்தைத் தட்டி எழுதினேன். அவன் சொன்னபடியே எழுதினேன்: “சூப்பரா இருக்கு. பத்தல.”

எழுதி முடித்ததும் கை நின்றது. இவன் பேச்சை அப்படியே எழுதலாம் என்றால் மற்றவர்கள் பேச்சை ஏன் எழுதக் கூடாது?

அந்த வெள்ளிக்கிழமை நான் யாருக்கும் தலை சீவவில்லை. “லா எல்லாம் வேணாம் லா” என்றார் ஒருவர். அப்படியே எழுதினேன். “ச்சே, மானம் போவுது லா, ஊர்க்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க” என்றார் இன்னொருவர். எழுதினேன். டாக்சிக்காரர் மறுபடியும் “அசிங்கமா இருக்கு லா” என்று ஆரம்பித்து மூன்று வாக்கியம் பேசினார், மூன்று லா. எழுதினேன்.

பதினொரு மணிக்கு ஆசிரியை. “வணக்கம். இளையோர் செவிகளில் இத்தகைய மொழி விழுவது நன்றன்று” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருப்பார் போல. வீட்டுக்காரரிடம் பேசியது தெளிவாகக் கேட்டது.

“ஏங்க, அந்த ஃபேனப் போடுங்க லா. வேர்க்குது.”

பிறகு திரும்பி வந்து, “மன்னிக்கவும். நன்றன்று என்று கூறினேன்” என்றார்.

இரண்டையும் எழுதினேன். ஃபேனையும் எழுதினேன். பேர் எழுதவில்லை, ஓய்வுபெற்ற ஆசிரியை என்று மட்டும் போட்டேன். செய்தது சரியில்லை என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

திங்கட்கிழமை காலை மேலாளர் அறிக்கையோடு வந்து நின்றாள்.

“அக்கா, ‘அசிங்கமா இருக்கு லா’ன்னு இருக்கு.”

“அவரு அப்படித்தான் சொன்னாரு.”

“சுருக்கம் எழுதணும்.”

“இதவிடச் சுருக்கமா எப்படி எழுதறது?”

“டீச்சர் ஃபேன் போடச் சொன்னது புகாரா?”

“லைன்ல வந்துச்சு.”

“வேணும்னே பண்றீங்க.”

“ஆமா.”

அவள் குரலைத் தாழ்த்தி, “மாத்திக் கொடுத்துடுங்க அக்கா. பன்னெண்டு மணிக்கு அனுப்பணும். உங்க காண்ட்ராக்டும் இந்த வருஷத்தோட முடியுது” என்றாள். மிரட்டவில்லை, எனக்காகத்தான் சொன்னாள்.

“நான் மாத்த மாட்டேன். நீ வேணா மாத்திக்கம்மா. கீழ என் பேர எடுத்துடு. இத்தன நாள் நான் எழுதினதுதான் பொய். இது நிஜம்.”

அவள் போய்விட்டாள். மாற்றுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பியிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேப்டனைப் போலச் சுவா சூ காங்கில் வளர்ந்தவள்தான்.

தயாரிப்பாளர்கள் கூட்டத்தில் யாரோ அதை வாய்விட்டுப் படித்தார்களாம், சிரிப்பாம். ஆனாலும் விடவில்லை. சோதனையாக ஒரே ஒரு பகுதியை டப் செய்து போட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள்.

வியாழக்கிழமை அதைப் பார்த்தேன். மறுபடியும் கப்பலில் காற்று போகிறது. கேப்டன் வாய் சட்டென்று திறந்து மூடுகிறது. யாரோ ஒரு பெண்ணின் குரல், “நண்பர்களே, கதவை உடனடியாக மூடுங்கள்” என்கிறது. அவள் வாயை மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருந்தது. காற்று போகிற கப்பலில் யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது? அந்தப் பெண்ணைச் சுட்டுத் தள்ளியதுபோல இருந்தது எனக்கு. டிவியை அணைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, ஒன்பது மணிக்கே ஆசிரியை. வணக்கம் சொல்லவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?”

“யாரைக் கேட்கிறீர்கள், டீச்சர்?”

“கேப்டன். குரல மாத்திட்டீங்களா?”

“நல்ல தமிழில் ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டுக்கொண்டபடி.” குத்திக்காட்டித்தான் சொன்னேன்.

பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“தமிழ்ல ஒரு பிழை இல்ல,” என்றார். “ஆனா அவ அவளா இல்லையே. மூச்சு முட்டறப்ப யாரு இப்படிப் பேசுவா? எங்க வீட்டுக்காரரு பாதியில எழுந்து போயிட்டாரு. நானும் திட்டிக்கிட்டே இருந்தேனே தவிர, அந்தப் பொண்ணு செத்துடக் கூடாதுன்னுதான் வாராவாரம் பாத்தேன்.”

“புகாராக எழுதிக்கொள்ளவா?”

“எந்தக் கட்டத்துல?”

“மொழி.”

“எழுதுங்க. நான் சொன்ன மாதிரியே எழுதுங்க. திருத்தாதீங்க.”

அன்று முழுக்க அதே புகார்தான். சாப்பாட்டு நேரத்தில் யார்டிலிருந்து அந்தத் தம்பி அழைத்து, “எங்க சூப்பர்வைசர எங்கக்கா காணோம்?” என்றான். மொழிக் கட்டம் மறுபடியும் ரொம்பியது. எல்லாவற்றையும் அவரவர் வாயில் வந்தபடி எழுதினேன், மேலாளர் அப்படியே அனுப்பினாள்.

அடுத்த வியாழக்கிழமை கேப்டனுக்கு அவள் குரல் திரும்பி வந்தது. மிச்சப் பகுதிகளிலும் அவள்தான் பேசினாள். என் காண்ட்ராக்ட் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

குரல் திரும்பிய மறுநாள் ஒன்பது மணிக்கு முதல் அழைப்பு டாக்சிக்காரர்.

“அக்கா, மறுபடியும் அதே லாவா? சொன்னா கேக்க மாட்டீங்களா லா?”

“எழுதிக்கிட்டேன் லா,” என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. “கேப்டன் அடுத்த வாரம் தப்பிச்சிருவாளா?” என்று கேட்டார்.