ஓடைக்குக் கிழக்கே

ஐம்பதுகளின் நடுவில், தென் திருவிதாங்கூரில் எல்லைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த சமயம். அப்போது நான் வானொலியில் தொழில்நுட்ப உதவியாளன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். புதிதாக அமையவிருந்த ஒலிபரப்பி எந்த ஊரில் எவ்வளவு பலமாகக் கேட்கும் என்று கணக்கெடுக்க, நெய்யாற்றின்கரை, பாறசாலைக் கிராமங்களில் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன். துணைக்கு ஓட்டுநர் ஒருவர்.

வேலை சுலபம். ஜீப்பை நிறுத்தி, முக்காலியை நட்டு, அதன்மேல் வளையம் போன்ற ஏரியலை மாட்டி, சோதனைக்காக அனுப்பும் அலைக்குப் பெட்டியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் முக்காலியைக் கண்டால் ரேடியோவை நினைப்பார்களா? தமிழ்நாட்டோடு சேரப்போகிறோமா இல்லையா என்று ஊரே தவித்துக்கொண்டிருந்த நேரம். எங்கு போனாலும், சார் என்பதை அந்தப் பக்கத்து வழக்கில் சாறே என்று இழுத்து, ஒரே கேள்விதான்.

"எல்லை அளக்கியளா சாறே?"

இல்லை, இது ரேடியோ வேலை என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. பாறசாலைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில், நல்ல உச்சிவெயிலில், அதே கேள்வி மறுபடியும் வந்தது. எனக்குச் சலித்துவிட்டது. கொஞ்சம் குறும்பும் தலைக்கேறிவிட்டது. பக்கத்தில் ஓடிய சிறிய ஓடையைக் காட்டி, "இதுக்குக் கிழக்கே தமிழ்நாடு, மேற்கே மலையாளம். முடிஞ்சு போச்சு" என்றேன்.

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். பின்னால், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் மட்டும் முன்னால் வந்தாள்.

"நிச்சயமாக்குமா சாறே?"

முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நிச்சயம்தான்" என்றேன். ஜீப் கிளம்பியதும் நானும் ஓட்டுநரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஈர மண்ணில் அலை போகும் விதம் மாறும் என்பதால், மழைக்காலத்தில் அதே இடங்களை மறுபடி அளக்க வேண்டும். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட பிறகு அந்த ஊருக்குத் திரும்பப் போனோம். ஓடைக்கு மேற்கே முன்பு ஒரு ஓலை வீடு இருந்தது. இப்போது அங்கே வெறும் மண் தரையும் கரைந்துகொண்டிருந்த குட்டைச் சுவரும்தான். கிழக்குக் கரையில், யாருடைய மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து ஓரத்திலோ நாலு கால் நட்டு, பாதிக் கூரைக்கு மட்டும் ஓலை போட்டிருந்தது. அதன் கீழே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு, ஓலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"வீட்ட இக்கரைக்கு மாத்தியாச்சு சாறே. எங்க வீட்டுக்காரரு போராட்டத்துல பிடிபட்டு ஜெயில்ல கெடக்காரு. அவிய வாறப்போ வீடு தமிழ்நாட்டுல இருக்கணும்லா?"

ஜீப்பைக் கண்டு கூடியவர்களில் ஒருவர், "நாங்க சொன்னா கேக்கமாட்டா சாறே. சர்க்கார் சாறு மெஷின் வச்சுப் பாத்துச் சொன்னதாக்கும், உங்களுக்கு என்ன தெரியும்னு எங்களட்ட சண்டைக்கு வாறா" என்றார்.

இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. நான் விளையாட்டுக்குச் சொன்னேன், எல்லை எங்கே விழும் என்று எனக்கோ இந்தப் பெட்டிக்கோ தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

கூடி நின்றவர்களுக்கு ரத்தம் கொதித்தது. அதில் தப்பே இல்லை. "எலே, அந்தப் பெட்டியத் தூக்கி ஓடையில போடு" என்று ஒருவர் பாய்ந்தார். நான் தடுக்கவில்லை. தடுத்தது அவள்தான்.

"அத ஒடைக்காதீங்க. ரேடியோ வந்தாத்தானே நமக்குச் சேதி தெரியும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவியள விடுதலை பண்ணுனா ரேடியோவுல சொல்லுவாவளா சாறே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அன்று அது போதும். ஆனால் வாய் வரவில்லை. "தெரியாது அக்கா" என்றேன்.

கூரையின் மீதிப் பாதியைக் கட்டிக் கொடுக்கிறோம் என்று நானும் ஓட்டுநரும் கையை வைத்தோம். "வேண்டாம் சாறே, நீங்க உங்க சோலியப் பாருங்க" என்று ஓலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. என் வேலையில் குறுக்கே நிற்கக்கூடாது என்று நினைத்துத்தான் சொன்னாள். மழையில் நனைந்துகொண்டே அளந்தேன். முள் நன்றாகவே ஏறி நின்றது.

அப்புறம் எல்லை முடிவாயிற்று. ஓடையின் இரண்டு கரையும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அந்தச் செய்தி போன அன்று, அதற்குள் ஓடத் தொடங்கியிருந்த புது ஒலிபரப்பியில் எனக்குத்தான் பணி. கரகரப்பு இல்லாமல் சுத்தமாகப் போயிற்று. அந்த ஊரில் தெளிவாகக் கேட்டிருக்கும், அளந்தவன் நான்தானே. அவள் கணவன் வந்தானா, வந்து எந்தக் கரையில் குடியிருந்தான் என்று போய்ப் பார்க்க எனக்குக் கடைசிவரை முகம் இல்லை.

இன்றைக்கும் கூட்டத்தில் யாராவது வேடிக்கையாக ஒன்றைக் கேட்டு, அதற்கு வேடிக்கையாகவே பதில் சொல்ல நாக்கு எழும்பினால், இதை நம்பி வீட்டைப் பிரிக்கக்கூடியவர் யாராவது இங்கே நிற்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.