படகுக்காரர் வாங்காத காசு

பாம்பனில் சுற்றுலாப் படகில் ஏறும்போதே, டிக்கெட் போக, படகுக்காரருக்கும் தலைக்கு இருபது ரூபாய் கட்டாயம் என்றார்கள். அஸ்தி கரைக்க வந்திருப்பது தெரிந்தால் இன்னும் கூட்டிக் கேட்பார்களோ என்று பயந்து, அய்யாவின் அஸ்திக் கலயத்தைப் பலகாரப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

நடுக்கடலில் யாரும் பார்க்காத நேரம் கலயத்தைக் கவிழ்க்கப் போனேன். படகுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"காத்து எதுத்தாப்ல அடிக்குதுண்ணே. சாம்பல் உங்க மேலயே வந்து விழும். இருங்க, படகைத் திருப்புறேன்."

திருப்பி, இன்ஜினை அணைத்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அய்யாவைக் கரைத்தேன்.

கரையில் எல்லோரிடமும் இருபது வாங்கியவர், என் நோட்டை மட்டும் தொடவில்லை.

"இதுக்கு வாங்குறதில்லண்ணே. சொல்லிக்காமப் போங்க."

துக்க வீட்டிலிருந்துதான் அப்படிக் கிளம்புவோம். நன்றிகூடச் சொல்லாமல், காலிப் பையோடு நடந்தேன்.