கோட்டைக்குக் கீழே அண்ணாவின் அறை

அண்ணாவுக்குப் பெண் பார்த்த காலத்தில், அவர் கோட்டையில் குடியிருப்பதாக ஊருக்குப் பொய் எழுதியவன் நான். அவர் மறைந்த ஓராண்டு நிறைவில் இந்நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவுகள் முதலில் இதை அறிய வேண்டும்.

சாவகச்சேரியில் பிறந்து, எங்கள் ஐயா இறந்தபின் என்னையும் படிக்கவைத்த அண்ணா, அறுபதுகளின் முடிவில் ஜெர்மன் நகரான எசனுக்கு வந்தார். உருக்காலை முதலாளி குடும்பம் ஒன்று, பழங்கால அரசர்களைப் போல வாழ ஆசைப்பட்டுக் கட்டிய மாளிகை அங்கே இருந்தது. கோபுரம், கொத்தளம், கூரிய வளைவு யன்னல்கள், வாசலில் வாளேந்திய கல்வீரன். அந்தப் பெரிய அறைகளில் சூடு மட்டும் தங்காது. அக்குடும்பத்தில் மிஞ்சியிருந்த முதலாளியம்மா கம்பளிக் கோட்டுடன்தான் சாப்பிடுவார். பகலில் தொழிற்சாலைக்குப் போன அண்ணா, காலையும் மாலையும் நிலவறைக் கொதிகலனுக்குக் கரி போட்டார். அதற்காகப் பக்கத்து அறை வாடகையின்றிக் கிடைத்தது.

அப்போது நானும் ஹனோவருக்கு வந்திருந்தேன். ஒருநாள் மாளிகை வாசலில் அவரை நிற்கவைத்துப் படமெடுத்து, 'அண்ணாவின் வீடு' என்று பின்னால் எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன். அண்ணாவிடம் சொல்லவில்லை, பொய் அவருக்கு ஒவ்வாது. அம்மா படத்தைப் பெண்வீட்டுக்குக் கொடுக்க, சம்பந்தம் உடனே முற்றாயிற்று.

அண்ணி தை மாதக் குளிரில் வந்து இறங்கினார். அண்ணா அவரை மாளிகையைச் சுற்றி அழைத்துப்போய், பின்படிகளால் கீழே இறக்கினார்.

"கோட்டை மேலை எல்லோ இருக்கு?" என்றார் அண்ணி.

"என்ன கோட்டை? நான் கரி போடுறவன். உமக்குத் தெரியாதோ?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கல்வீரனைப் போல நின்றேன். பிறகு ஒப்புக்கொண்டேன்.

அண்ணாவின் முகம் செத்துப்போயிற்று. "கலியாண எழுத்து இன்னும் நடக்கேல்லை. நீர் திரும்பிப் போறதெண்டால் டிக்கெட் நான் எடுத்துத் தாறன்."

"முதல்லை குளிர் விடட்டும்" என்று அண்ணி கொதிகலனருகே காலை நீட்டி உட்கார்ந்தார். அந்நேரம் முதலாளியம்மா கோப்பிக் கோப்பையுடன் குளிர்காய இறங்கிவந்து அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். கோட்டைக்காரியே கீழே வந்தபின் மேலே என்ன இருக்கிறது?

அண்ணி தங்கினார். பரிகாரமாக, அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஞாயிறுதோறும் ஹனோவரில் இருந்து ரயிலேறி வந்து நான் சவலால் கரி அள்ளினேன். அண்ணா ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. அண்ணி ஒருநாளும் தவறவிடவில்லை: "ராசா வந்திட்டார், சவலைக் குடுங்கோ!"

அண்ணாவின் கடைசி நாள்களில் முகம் சுளிக்காமல் பணிசெய்த தாதியருக்கும், செத்தவீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

செத்தவீட்டன்று அண்ணியிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தப் பழைய படத்தை எடுத்து நீட்டினார்.

"அவரின்ரை கையைப் பாரும், தம்பி."

இரண்டு கைகளும் கரி.

"கோட்டைக்காரனுக்கு ஏன் கரிக்கை எண்டு அப்பவே யோசிச்சனான். உழைக்கிற ஆள் எண்டு தெரிஞ்சுதான் ஓமெண்டனான்."

"அப்ப நான் அவ்வளவு கரி அள்ளினது?"

"அது பொய் சொன்னதுக்கு."